ரோஜா வளர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் குடியிருப்பின் மூன்றாம் தளத்துக்குப் புதிதாகக் குடிவந்த பெண், சென்ற மாதம் தன் ரோஜாச் செடியைக் காட்டுவதற்காக என்னை மொட்டை மாடிக்கு அழைத்துச் சென்றார். "ஆன்ட்டி, செடி என் தோள் உயரத்துக்கு வந்துடுச்சு, எட்டு மாசத்துல ஒரு மொட்டுகூட வைக்கலை" என்றார். மாடிக் கதவருகில் நின்றபோதே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. வெளிர்பச்சை நிறத்தில் சாட்டைபோல் நீண்ட நான்கு தண்டுகள் தொட்டியிலிருந்து கிளம்பியிருந்தன. அவற்றின் நடுவே, காய்ந்து கறுத்த ஒரு விரலளவுக் கட்டை. பதினேழு ஆண்டுகளுக்கு முன்பு மடிப்பாக்கத்தில் நான் செய்த அதே தவறு.

தண்ணீர் ஊற்ற மறப்பது, வெயில் படாத பால்கனியில் தொட்டியை வைப்பது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அவற்றைச் செடியே ஒரு வாரத்தில் வாடிக் காட்டிவிடும். செடி நன்றாக இருப்பதுபோல் தோன்றும்போதே நடந்துகொண்டிருக்கும் தவறுகள்தான் என் கவலை.

பூவைப் பார்த்துச் செடி வாங்குவது

சனவரி, பிப்ரவரி மாதங்களில் சென்னை நர்சரிகளில் உள்ளங்கை அகலப் பூவோடு நிற்கும் ரோஜாக்களில் பல, ஓசூர், பெங்களூரு பக்கத்திலிருந்தோ ஆந்திரத்தின் கடியம் பண்ணைகளிலிருந்தோ வந்தவை. 2025 சனவரியில் செம்மொழிப் பூங்காவில் மலர்க் கண்காட்சி நடந்தபோது, அதைப் பார்த்துவிட்டு வந்த கையோடு எங்கள் தெருவில் மூன்று வீட்டார் செடி வாங்கினார்கள். மூவருமே பூவின் நிறத்தைச் சொன்னார்களே தவிர, தண்டு எப்படி இருந்தது என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை.

அந்தப் பெரிய பூக்கள் பெரும்பாலும் ஹைப்ரிட் டீ வகையைச் சேர்ந்தவை. 1867இல் பிரான்சில் உருவான 'லா ஃபிரான்ஸ்' என்ற ரோஜாவையே இந்த வகையின் முதல் செடியாகக் கொள்வது வழக்கம். குளிர்ந்த இரவுகளில்தான் இவற்றின் மொட்டு நிதானமாகப் பருத்து விரியும். சென்னையில் ஏப்ரல் பிறந்துவிட்டால் அதே செடி பாதி அளவுப் பூவைத்தான் தரும், காலையில் விரிந்தது மாலைக்குள் இதழ் கருகிச் சாயும். வளர்க்கவே முடியாது என்று சொல்ல மாட்டேன், நானே ஆறு செடிகள் வைத்திருக்கிறேன். ஆனால் முதல் செடியாக அதை வாங்காதீர்கள். பன்னீர் ரோஜா, ஆந்திரச் சிவப்பு ரோஜா, எட்வர்டு ரோஜா ஆகியவை நம் வெயிலுக்குப் பழகியவை. மாலைக்கும் பூஜைக்கும் கிலோக் கணக்கில் விற்கும் உதிரிப் பூக்களுக்காகத் தமிழ்நாட்டு விவசாயிகள் பயிரிடுபவை. பன்னீர் ரோஜாவும் எட்வர்டும் குச்சி நட்டாலே வேர் பிடிக்கும் என்பதால், கீழே நான் நீட்டி எழுதப்போகும் தொல்லை அவற்றில் இல்லை.

வெப்ப நாட்டுக்கென்றே ரோஜாக்களை உருவாக்க முனைந்தவர்களும் நம்மிடையே உண்டு. இந்திய ஆட்சிப் பணியிலிருந்து விலகிக் கொடைக்கானலில் குடியேறிய எம்.எஸ். வீரராகவன், நம் நாட்டின் சதுப்பு நிலங்களில் வளரும் ரோசா கிளைனோஃபில்லா என்ற காட்டு ரோஜாவைக் கலந்து புதிய வகைகளை உருவாக்கினார். அவற்றைச் சென்னை நர்சரிகளில் நான் கண்டதில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

செம்மண் உருண்டையை அப்படியே நடுவது

வெளியூரிலிருந்து வரும் செடியின் வேரைச் சுற்றி ஒட்டும் செம்மண்ணை உருண்டையாகப் பிடித்திருப்பார்கள். லாரியில் வரும்வரை வேர் காயாமல் அது காக்கும். அதே உருண்டையைத் தென்னை நார்க்கழிவும் தொழு உரமும் கலந்த பொலபொலப்பான மண்ணில் வைத்தால், ஊற்றும் தண்ணீர் சுற்றியுள்ள மண் வழியாக இறங்கிப் போய்விடும். உருண்டை காய்ந்து செங்கல்லாகும். தொட்டி ஈரமாகத் தெரியும், செடி தாகத்தில் சாகும். நடுவதற்கு முன்பு உருண்டையை ஒரு வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, வெளிமண் தானாகக் கரைந்து விழும் அளவுக்கு மட்டும் அலசுங்கள். கத்தியால் குத்தியோ தரையில் தட்டியோ உடைக்கக் கூடாது, வெள்ளை வேர்கள் அறுந்துவிடும். இதையும் குளிர்ந்த மாதங்களில்தான் செய்ய வேண்டும்.

ஒட்டுக்குக் கீழே முளைப்பதைக் கொண்டாடுவது

கடையில் வாங்கும் ஹைப்ரிட் டீ ரோஜா உண்மையில் இரண்டு செடிகள். கீழே வேரோடு இருப்பது முரட்டுத்தனமாக வளரும் அடிச்செடி. பெரும்பாலும் ரோசா மல்டிஃபுளோரா, ரோசா இண்டிகா, எட்வர்டு ஆகியவற்றில் ஒன்று. அதன் பட்டையில் கீறி, நாம் விரும்பும் ரோஜாவின் ஒரே ஒரு கண்ணை, அதாவது துளிர் கிளம்பும் முகையை, செருகி, பாலிதீன் நாடாவால் இறுக்கிக் கட்டுவார்கள். கண் துளிர்த்ததும் அடிச்செடியின் மேற்பகுதியை வெட்டி எறிவார்கள். மண்ணுக்குச் சற்று மேலே விரல் முட்டிபோல் புடைத்திருக்கும் இடம்தான் அந்த ஒட்டு. பூப்பதெல்லாம் அதற்கு மேலே. அதற்குக் கீழே முளைப்பது அடிச்செடியின் சொந்தக் குருத்து, நீங்கள் பணம் கொடுத்த ரோஜா அன்று.

இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு நர்சரியில், எலுமிச்சை மஞ்சளில் ஒரே ஒரு பூவோடு இருந்த செடியை வாங்கினேன். சனவரியில் நட்டேன், பிப்ரவரியில் மூன்று பூக்கள் பூத்தன. மே மாதக் கத்திரி வெயிலில் செடி சோர்ந்து, இலை உதிர்த்து, ஒரு தண்டோடு நின்றது. ஜூன் மாத இறுதியில், அடியிலிருந்து கொழுகொழுவென்று ஒரு குருத்து எட்டிப் பார்த்தது. செடி பிழைத்துவிட்டது என்று அன்று நான் பட்ட மகிழ்ச்சியை எப்படிச் சொல்வது! கடலைப் பிண்ணாக்கு ஊறவைத்து ஊற்றினேன், மூங்கில் குச்சி நட்டுக் கட்டினேன். குருத்து வாரத்துக்கு ஒரு சாண் வளர்ந்தது. இன்னொரு பக்கம், பழைய தண்டில் நான்கு இலைகள் மட்டும் சோகை பிடித்தாற்போல் நின்றுகொண்டிருந்தன. சத்தை வீணாக உறிஞ்சுகிறது என்று நினைத்து, ஆகஸ்டு மாதத்தில் ஒருநாள் அந்தத் தண்டை அடியோடு வெட்டிவிட்டேன்.

என் மஞ்சள் ரோஜாவை நானே வெட்டிப் போட்டேன். அதற்குப் பிறகு அடுத்த மார்ச் வரை நான் நீர் ஊற்றி வளர்த்தது வெறும் அடிச்செடி. பக்கத்து வீட்டுத் தோட்ட வேலைக்கு வந்த பெரியவர் ஒருவர் தொட்டியருகே குந்தி, ஒற்றை விரலால் மண்ணை விலக்கி, "இது நீங்க வாங்கின செடி இல்லம்மா, அது செத்துப் பல மாசமாச்சு" என்றார். அவர் விரல் தொட்ட இடத்தில் அந்தப் புடைப்பு காய்ந்து கறுத்திருந்தது, அதன்மேல் பாலிதீன் நாடாவின் ஒரு துணுக்கு இன்னும் ஒட்டியிருந்தது. நடும்போதே அந்த நாடாவைப் பிரிக்க வேண்டும் என்பதும் எனக்குத் தெரியாது. ஒட்டு பிடித்த பிறகும் நாடா இருந்தால், தண்டு பருக்கப் பருக்க அது பட்டையை நெரிக்கும். மேலே சத்துப் போவது குறைந்து, அடிச்செடி தன் வழியில் முளைக்கத் தொடங்கும்.

இன்றும் எனக்கு ஆற்றாமை தருவது இதுதான். செடியை விற்கிறவருக்கு ஒட்டு எது என்று தெரியும். உரம் விற்கிறவருக்கும் தெரியும். பூக்கவில்லை என்று கேட்டு வருகிறவரிடம் தண்டைப் பார்த்தீர்களா என்று ஒரு வார்த்தை கேட்காமல், பூ பிடிக்கும் டானிக் என்று ஒரு பாட்டிலை எடுத்து நீட்டுகிறார்கள். மூன்றாம் தளத்துப் பெண்ணிடம் அப்படி மூன்று பாட்டில்கள் இருந்தன. எந்த டானிக்கும் செத்துப்போன மஞ்சள் ரோஜாவைத் திரும்பக் கொண்டுவராது.

அடையாளம் காண்பது எளிது, ஆனால் ஒரே அடையாளத்தை நம்பக் கூடாது. காம்புக்கு ஐந்து இலைகள் இருந்தால் நல்ல செடி, ஏழு இருந்தால் காட்டுச்செடி என்று சொல்வார்கள். அதை மட்டும் நம்பி என் தோழி ஒருவர் நல்ல ரோஜாவையே பிடுங்கிவிட்டார், ஏனென்றால் ஒட்டுக்கு மேலே வளரும் பல வகைகளிலும் ஏழு இலைகள் வரும். இலையின் நிறம், முள்ளின் வடிவம், தண்டின் வேகம் ஆகியவை மற்றக் கிளைகளோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். மல்டிஃபுளோராவாக இருந்தால் இலைக்காம்பு தண்டில் சேரும் இடத்தில் சீப்புப் பல்போல் நுண்ணிய இழைகள் தெரியும். இறுதிச் சோதனை ஒன்றுதான்: விரலால் மண்ணை விலக்கிக்கொண்டே போய், குருத்து எங்கிருந்து கிளம்புகிறது என்று கண்ணால் பார்ப்பது. புடைப்புக்கு மேலே என்றால் அது பொன். ரோஜாவின் எதிர்காலக் கிளை அதுவே, தொடாதீர்கள். கீழே என்றால் அன்றே அகற்றுங்கள்.

அகற்றுவதிலும் ஒரு தவறு உண்டு. மண் மட்டத்தில் கத்தரித்தால், அடியில் எஞ்சிய கணுக்களிலிருந்து ஒன்றுக்கு மூன்றாகக் கிளம்பும். குருத்து தண்டோடு சேரும் இடம்வரை மண்ணை விலக்கி, இளசாக இருக்கும்போதே கீழ்நோக்கி இழுத்து, அடிக்கண்ணோடு கிள்ளி எடுக்க வேண்டும். முற்றிவிட்டிருந்தால் கூரிய கத்தியால் அடித்தண்டை ஒட்டிச் சீவிவிடலாம். ஒட்டுக்கு மேலே ஒரே ஒரு பச்சைக் கணு உயிரோடு இருந்தாலும் செடியைக் கைவிட வேண்டாம்; கீழ்க்குருத்துகளைத் தொடர்ந்து எடுத்துவந்தால், வேர் அனுப்பும் வலு முழுவதும் அந்தக் கணுவுக்குப் போய், அது துளிர்க்க வாய்ப்புண்டு. அந்தப் பெண்ணின் செடியில் அப்படி ஒரு கணுவும் இல்லை. அவர் வெகுநேரம் பேசாமல் நின்றிருந்தார்.

ஒட்டை மண்ணுக்குள் புதைப்பது

பனி உறையும் நாட்டுக்காரர்கள் காணொளியில் சொல்லும் முறை இது. சென்னையில் ஒட்டு மண்ணுக்கு இரண்டு அங்குலம் மேலே இருக்கட்டும்.

ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுநீரை ஊற்றுவது

தண்ணீரை வீணாக்கக் கூடாது என்ற எண்ணம் நல்லதுதான். ஆனால் அந்தக் கழிவுநீர், குழாயில் வந்த நீரைவிட உப்புச் செறிந்தது; ரோஜா உப்பைத் தாங்காத செடி. ஏற்கெனவே நம் ஊரின் பல பகுதிகளில் ஆழ்குழாய் நீரே உப்பு. இலையின் ஓரம் தீய்ந்தாற்போல் பழுப்பாவதும், தொட்டியின் விளிம்பில் வெள்ளையாகப் பொரிவதும், இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்பதும் தண்ணீரைச் சந்தேகிக்க வேண்டிய அறிகுறிகள். கழிவுநீரைத் தரை கழுவப் பயன்படுத்துங்கள். வேறு வழியில்லாமல் ஆழ்குழாய் நீரையே ஊற்றுகிறவர்கள், மாதம் ஒருமுறையாவது மழைநீரையோ மெட்ரோ நீரையோ (குடிநீர் வாரியம் தரும் நீர்) தொட்டியின் அடித்துளை வழியாக வழிந்தோடும்வரை ஊற்றி, தேங்கிய உப்பைக் கழுவி வெளியேற்ற வேண்டும்.

கத்திரி வெயிலில் உரமிடுவது

மே மாதத்தில் செடிக்குத் தேவை நிழல்வலையும் தண்ணீரும் மட்டுமே.

வாழைப்பழத் தோலைத் தொட்டியில் போடுவது

மக்கிய பிறகு போடுங்கள். மக்காததற்கு எறும்புதான் வரும்.

செஞ்சிலந்திக்குப் பூச்சிமருந்து அடிப்பது

வெயில் மாதங்களில் இலையின் மேற்பரப்பு ஊசியால் குத்தியதுபோல் வெளுத்துப் புள்ளியிட்டால், இலையைத் திருப்பி அடிப்பக்கத்தை ஒரு வெள்ளைத் தாளின்மேல் தட்டுங்கள். விழுந்த தூசி நகர்ந்தால் அது செஞ்சிலந்தி. அது பூச்சி அன்று, சிலந்தி இனம். சாதாரணப் பூச்சிமருந்துகள் பல அதை ஒன்றும் செய்வதில்லை, அதைத் தின்று வாழும் நல்ல உயிரிகளை மட்டும் கொன்றுவிடுகின்றன. மருந்தடித்த பத்தாம் நாள் சிலந்தி இருமடங்காகப் பெருகியிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். காலை ஏழு மணிக்குள் இலையின் அடிப்பக்கம் அறையும்படி தண்ணீரைப் பீய்ச்சுங்கள், இரண்டு நாளுக்கு ஒருமுறை, இரண்டு வாரம். வேப்பெண்ணெய் தெளிப்பதானால் மாலையில் தெளியுங்கள்; உச்சி வெயிலில் எண்ணெய் பட்ட இலை வெந்துவிடும்.

மழைக்காலத்தில் தொட்டிக்கு அடியில் தட்டு வைப்பது

அக்டோபரிலேயே எடுத்துவிடுங்கள். தொட்டியை இரண்டு செங்கல்மீது ஏற்றி வையுங்கள்.

வெட்டிய முனையை அப்படியே விடுவது

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, பனி இறங்கத் தொடங்கும் டிசம்பர் கடைசியில்தான் நான் கவாத்து செய்கிறேன். மழைக்கு நடுவே வெட்டினால், வெட்டுவாயில் தங்கும் ஈரத்தில் பூஞ்சணம் பிடித்து, தண்டு நுனியிலிருந்து கறுத்துக்கொண்டே கீழே இறங்கும். நுனிக்கருகல் என்ற அந்த நோய் ஒட்டைத் தொட்டுவிட்டால் மேற்செடி மடிந்து, அடிச்செடி மட்டும் மிஞ்சும். வெளிப்புறம் நோக்கிய கணுவுக்குக் கால் அங்குலம் மேலே சாய்வாக வெட்டி, வெட்டுவாயில் போர்டோ பசையோ (மயில்துத்தமும் சுண்ணாம்பும் குழைத்தது), தண்ணீரில் குழைத்த காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சணக் கொல்லியோ தடவுங்கள். கருகல் ஏற்கெனவே தொடங்கியிருந்தால், வெட்டிய இடத்தில் தண்டின் நடுச்சோறு வெள்ளையாகத் தெரியும்வரை கீழிறங்கி வெட்ட வேண்டும். பழுப்பு தெரிந்தால் இன்னும் ஓர் அங்குலம் கீழே. கத்தரிக்கோலை ஒவ்வொரு செடிக்கும் இடையே ஸ்பிரிட்டில் துடைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் தளத்துப் பெண்ணுக்கு, என் பன்னீர் ரோஜாவிலிருந்து பென்சில் பருமனில் நான்கு குச்சிகள் வெட்டி ஒரு சிறு தொட்டியில் நட்டுக் கொடுத்திருக்கிறேன். இரண்டு துளிர்த்துவிட்டன.