கொழும்பிலிருந்து ஒரு கொஸ்டாரிக்கா லீக் சீசனை முழுசாகப் பின்தொடர்வது எப்படி

முதலில் ஒரு சி.ஆர். கொப்பி வாங்கிக்கொள்ளுங்கள், மெல்லியது போதும். போனில் எல்லாம் இருக்கும்போது கொப்பி எதற்கு என்று கேட்பீர்கள். கொஸ்டாரிக்கா லீக்கை இங்கிலாந்து பிரீமியர் லீக் மாதிரி ஒரே அட்டவணையை வைத்துப் பிடிக்க முடியாது. ஒரு சீசனுக்குள் இரண்டு முறை சாம்பியன் பட்டம் கொடுப்பார்கள், அட்டவணையில் முதலாவதாக நின்ற அணி வெறுங்கையோடு போகும், ஒரு பாதியில் கடைசியாக வந்த அணி சீசன் முடிவில் தப்பி நிற்கும். செயலியைத் திறந்தால் இன்றைய நிலை மட்டும்தான் தெரியும். கையால் எழுதி வந்தால்தான் கதை தெரியும்.

ஏன் கொஸ்டாரிக்கா என்று என்னிடம் பலரும் கேட்டிருக்கிறார்கள். அந்த நாடு நம் இலங்கையைவிடச் சிறியது, பரப்பளவு சுமார் 51,100 சதுர கிலோமீட்டர், மக்கள் தொகை ஐம்பது இலட்சத்தை ஒட்டித்தான். அப்படிப்பட்ட நாடு 2014 உலகக் கிண்ணத்தில் உருகுவேயை 3-1 என்றும் இத்தாலியை 1-0 என்றும் வென்றது, இங்கிலாந்தோடு கோலில்லாமல் சமன் செய்தது, காலிறுதியில் நெதர்லாந்திடம் பெனால்டியில்தான் தோற்றது. அந்த அணியின் கோல்காப்பாளர் கெய்லர் நவாஸ் சப்ரிஸ்ஸா கிளப்பிலிருந்து வந்தவர், தலைவர் பிரயன் ரூயிஸ் அலஹுவேலென்ஸே கிளப்பிலிருந்து வந்தவர். அவர்களை உருவாக்கிய லீக் இது. உதைபந்தாட்டத்தை விரும்பும் ஒரு சின்னத் தீவுக்காரருக்கு இதைவிட நல்ல லீக் எனக்குத் தெரியவில்லை.

சரி, அடுத்தது நேரம். கொஸ்டாரிக்கா நமக்குப் பதினொன்றரை மணித்தியாலம் பின்னால் இருக்கிறது. ஐரோப்பா மாதிரி வருடத்தில் இரண்டு முறை கடிகாரத்தை மாற்றும் வழக்கம் அங்கே இல்லை, ஆகவே ஒரு தடவை பழகினால் போதும். அங்குள்ள நேரத்திலிருந்து அரை மணித்தியாலத்தைக் கழித்துவிட்டு, முற்பகலைப் பிற்பகலாகவும் பிற்பகலை முற்பகலாகவும் மாற்றுங்கள். அங்கே சனி இரவு 8 மணி என்றால் இங்கே ஞாயிறு காலை 7.30. அங்கே ஞாயிறு காலை 11 மணி என்றால் இங்கே அதே ஞாயிறு இரவு 10.30. அங்கே மாலை 5 மணி என்றால் நமக்கு மறுநாள் விடிகாலை 4.30, அதற்காக எழும்ப வேண்டாம், பிறகு முடிவைப் பார்த்துக்கொள்ளலாம். எனக்குப் பிடித்தது ஞாயிறு காலைதான், பாணும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டே ஒரு முழு மெட்ச் பார்த்துவிடலாம். வார நாளில் வரும் இரவு ஆட்டங்களை 100 பஸ்ஸில் காலி வீதி நெரிசலுக்குள் இருந்தபடி ஸ்கோர் மட்டும் பார்த்து முடித்திருக்கிறேன். ஒரு கவனம்: கொப்பியில் எப்போதும் அங்குள்ள திகதியையே எழுதுங்கள். நம் திகதியை எழுதினால் இரண்டு கிழமையில் எல்லாம் குழம்பிவிடும், நான் குழம்பித்தான் திருந்தினேன்.

இனி கிளப். நடுநிலையாகப் பார்க்கிறேன் என்று தொடங்கினால் ஒக்டோபருக்குள் விட்டுவிடுவீர்கள், கட்டாயம் ஒரு கிளப்பைப் பிடித்துக்கொள்ளுங்கள். வெற்றி வேண்டும் என்றால் சப்ரிஸ்ஸா. 1935இல் தொடங்கிய கிளப், ஊதா நிறச் சட்டை, 1972 முதல் 1977 வரை தொடர்ந்து ஆறு பட்டம், 2024இல் 40ஆவது பட்டம். 2005இல் ஃபிஃபா கிளப் உலகப் போட்டியில் மூன்றாம் இடம்கூட எடுத்தார்கள். அவர்களின் பரம எதிரி அலஹுவேலென்ஸே, சிவப்பும் கறுப்பும். எரெதியானோ இந்த லீக்கின் முதல் சாம்பியன், 1921இல். கொம்பனித்தெருவில் இருக்கும் என் நண்பர் ஒருவர் (நான் நானா என்றுதான் கூப்பிடுவேன்) சின்ன வயதிலிருந்தே சிட்டி லீக் மைதானத்தில் மெட்ச் பார்த்து வளர்ந்தவர், அவர் சப்ரிஸ்ஸா பக்கம். நான் கர்தஹினேஸ் பக்கம்.

கர்தஹினேஸ் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 1906இல் தொடங்கிய பழைய கிளப், கர்த்தாகோ ஊர், மூடுபனி இறங்கும் மலைப்பக்கம் என்பதால் பனிக்காரர்கள் என்பதுதான் அவர்களின் பட்டப்பெயர். 1940இல் பட்டம் வென்றார்கள், அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. மைதானத்துக்கு அடியில் ஒரு பொம்மையைப் புதைத்துச் சாபம் வைத்துவிட்டார்கள் என்று ஊரில் பேச்சு. தாத்தா காத்திருந்தார், அப்பா காத்திருந்தார், பிள்ளையும் காத்திருந்தான். 2022இல்தான் இறுதியில் அலஹுவேலென்ஸேயை வென்று பட்டம் எடுத்தார்கள். இங்கே நாம் பெற்றோல் வரிசையில் நின்ற வருடம் அது. வரிசையில் நின்றபடி போனில் அந்தச் செய்தியைப் பார்த்தேன், கர்த்தாகோவில் வயதானவர்கள் வீதியில் நின்று அழுத படங்களும் வந்தன, அன்றிலிருந்து அவர்கள்தான் என் அணி.

இப்போது முக்கியமான பகுதி, சீசன் எப்படி ஓடுகிறது என்பது. ஜூலையில் தொடங்கி டிசம்பரில் முடிவது அபெர்த்தூரா, அதாவது தொடக்கம். ஜனவரியில் தொடங்கி மே அளவில் முடிவது கிளவ்சூரா, அதாவது நிறைவு. இரண்டுக்கும் தனித்தனிச் சாம்பியன். கொப்பியை நடுவில் பிரித்து இரண்டுக்கும் சமமாகப் பக்கம் ஒதுக்குங்கள். ஒவ்வொரு பாதியிலும் எல்லா அணியும் மற்ற எல்லா அணியோடும் சொந்த மைதானத்தில் ஒன்று, வெளியில் ஒன்று என்று இரண்டு தடவை மோதும். பன்னிரண்டு அணி என்றால் ஓர் அணிக்கு 22 ஆட்டம், பத்து அணி என்றால் 18. அது முடிந்ததும் முதல் நான்கு அணிகள் அரையிறுதிக்குப் போகும், முதலாவது அணியும் நான்காவது அணியும், இரண்டாவதும் மூன்றாவதும். அரையிறுதியும் இறுதியும் இரண்டு ஆட்டமாக நடக்கும்.

இங்கேதான் புதிதாக வருபவர்கள் தடுமாறுவார்கள். அந்த இறுதியில் வென்ற அணி உடனே சாம்பியன் ஆகிவிடாது. அட்டவணையில் முதலாவதாக வந்த அணியே இறுதியையும் வென்றால் கதை அங்கேயே முடிந்தது, பட்டம் அவர்களுக்கு. வேறு அணி வென்றால், அந்த அணியும் அட்டவணை முதல்வனும் மறுபடி மோத வேண்டும், அதன் பெயர் கிரான் ஃபினால், பெரிய இறுதி. நாலைந்து மாதம் முன்னால் நின்ற அணிக்கு ஒரு கெட்ட இரவால் எல்லாம் போய்விடக் கூடாது என்று கொடுக்கும் இன்னொரு வாய்ப்பு அது. இது நியாயமான ஏற்பாடு என்றே நான் நினைக்கிறேன், நானா ஒத்துக்கொள்ள மாட்டார், இறுதி என்றால் ஒன்றுதான் இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. எப்படியோ, லீக் சுற்று முடியும் நாளில் முதலாவதாக நிற்கும் அணியைக் கொப்பியில் சிவப்புப் பேனையால் வட்டமிடுங்கள். அதற்குப் பிறகு நடக்கும் எல்லாவற்றுக்கும் அந்த வட்டம்தான் திறவுகோல்.

மூன்றாவது அட்டவணை ஒன்றும் உண்டு, அதைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் வையுங்கள். இரண்டு பாதியிலும் எடுத்த புள்ளிகளைச் சேர்த்த கூட்டு அட்டவணை அது. இரண்டாம் பிரிவுக்கு இறங்கும் அணியை அதுதான் தீர்மானிக்கும். ஆகவே டிசம்பரில் அடிமட்டத்தில் கிடந்த அணி மார்ச்சில் திடீரென்று உயிரைக் கொடுத்து ஆடினால் காரணம் கடைசிப் பக்கத்தில் இருக்கும்.

ஸ்பானிய மொழி தெரியாது என்று பயப்பட வேண்டாம், பத்துச் சொல் போதும். கானாதோஸ் வென்றவை, எம்பாதாதோஸ் சமனானவை, பெர்திதோஸ் தோற்றவை. ஹோர்னாதா என்றால் சுற்று. செய்தித் தலைப்பில் லா லிகா வென்றது என்று வந்தால் அது லீக்கைப் பற்றியது அல்ல, ஸ்பெயினைப் பற்றியதும் அல்ல, அலஹுவேலென்ஸேயைத்தான் அப்படிக் கூப்பிடுகிறார்கள். எல் டீம் என்றால் எரெதியானோ. பழைய பதிவுகளில் இன்வியேர்னோ, வெரானோ என்று வரும், அகராதிப்படி குளிர்காலம், கோடைகாலம். ஆனால் ஜூலையில் தொடங்குவதற்குத்தான் இன்வியேர்னோ என்று பெயர், ஏனென்றால் அங்கே மழைக்காலத்தையே அப்படிச் சொல்வார்கள்.

மழையைக் கணக்கில் எடுங்கள். மே முதல் நவம்பர் வரை அங்கே மழை, பெரும்பாலும் பிற்பகலில் இடியோடு கொட்டும். நம் ஒக்டோபர் பின்னேரங்களை நினைத்துக்கொள்ளுங்கள். மின்னல் வந்தால் ஆட்டத்தை நிறுத்திவைப்பார்கள், ஆகவே 7.30க்கு ஆட்டம் என்று குந்தியிருந்து ஒன்றும் நடக்கவில்லை என்றால் உங்கள் டேட்டாவில் பிழை இல்லை. உயரத்தையும் பக்கத்தில் குறித்துவையுங்கள். சன் ஹோசே கிட்டத்தட்ட நம் பண்டாரவளை உயரத்தில் இருக்கிறது, புந்தாரேனாஸ் கொழும்பு மாதிரிக் கடலோரம், வெக்கை. மேட்டு அணி கடலோரம் போய் இரண்டாம் பாதியில் கால் தளர்வதை நீங்களே சில கிழமையில் கண்டுபிடிப்பீர்கள். படங்களில் ஒரு பெரிய நவீன அரங்கம் வந்தால் அது சன் ஹோசே தேசிய மைதானம், சீனா கட்டிக்கொடுத்தது, 2011இல் திறந்தார்கள். நம் தாமரைத் தடாகம் அரங்கும் அதே வருடம் சீன உதவியில்தான் திறக்கப்பட்டது.

எல்லா ஆட்டத்தையும் பார்க்க நினைக்காதீர்கள், ரீலோட் போட்டே காசு கரைந்துவிடும். கிழமைக்கு உங்கள் அணியின் ஆட்டம் ஒன்று, மற்றவற்றுக்குக் கிளப்புகள் போடும் கோல் காட்சிகள். சப்ரிஸ்ஸாவும் அலஹுவேலென்ஸேயும் மோதும் கிளாசிகோவை மட்டும் யாருடைய அணியாக இருந்தாலும் முழுசாகப் பாருங்கள்.

மே மாதம் எல்லாம் முடிந்ததும் கடைசிப் பக்கத்தைக் கூட்டிச் சரிபார்த்து, இறங்கிய அணியின் பெயருக்குக் கீழே ஒரு கோடு போடுங்கள். ஜூலைக்கு முன்பே இரண்டாம் பிரிவிலிருந்து எந்த அணி மேலே வருகிறது என்பது தெரிந்துவிடும், அந்தப் பெயரைப் புதிய கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி, பக்கத்திலேயே அந்த ஊர் கடலோரமா மலையா என்றும் குறித்துவையுங்கள்.