கண்ணுக்கு மட்டும் தமிழ்

பார்வையற்ற மாணவர் ஒருவருக்குப் போட்டித் தேர்வுக் குறிப்புகளை 40 பக்கம் தட்டச்சு செய்து பிடிஎஃப்பாக அனுப்பினேன். மறுநாளே போன்: "அண்ணா, என்விடிஏ என்னமோ உளறுது."

என் கணினியிலும் திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துக் காட்டும் அந்த என்விடிஏ மென்பொருளைப் போட்டுக் கேட்டேன். திரையில் 'அம்மா' என்று இருந்த இடத்தில் 'எம் கே, கே எச்' என்றது! காரணம் பாமினி எழுத்துரு. பார்க்கத்தான் தமிழ், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. ஒவ்வொரு மொழி எழுத்துக்கும் தனி எண் தரும் யூனிகோடில் 1991-லேயே தமிழ் வந்துவிட்டது. பழைய பழக்கத்தை நான்தான் விடவில்லை.

எழுத்துரு மாற்றும் மென்பொருளில் போட்டு யூனிகோடாக்கினேன். இடையிலிருந்த ஆங்கிலச் சொற்களெல்லாம் கந்தலாகிவிட்டன. அவற்றைச் சரிசெய்யவே ஓர் இரவு போனது. தலைப்புகளை போல்டு செய்து பெரிதாக்கியிருந்தேன். அது கண்ணுக்கு மட்டும்தான். வேர்டில் 'ஹெடிங்' ஸ்டைல் கொடுத்தால்தான் எச் விசையைத் தட்டித் தட்டித் தலைப்புகளுக்குத் தாவ முடியும். வரைபடங்களுக்கு ஆல்ட் டெக்ஸ்ட், அதாவது படத்தைச் சொல்லில் விளக்கும் குறிப்பு, எழுதினேன். கடைசியில் 'பிரிண்ட்' வழியே பிடிஎஃப் எடுத்துத் தொலைத்தேன், எது தலைப்பு, எது படம் என்று என்விடிஏவுக்குச் சொல்லும் டேக் அத்தனையும் காணோம். 'சேவ் ஆஸ்' கொடுத்ததும் சரியானது.

"இப்ப நல்லா படிக்குதுண்ணா. ஆனா ஆறாம் பாடத்துல ரெண்டு எழுத்துப்பிழை" என்றார்.