மைக்ரேன் தலையிடியை எண்ணிக் காட்டுறது எப்பிடி: கிளினிக்குக்குப் போக முதல் செய்யிற வேலை

எங்கட வன்னிப் பக்கம் தலையிடிக்காரர் டொக்டருக்கு முன்னால போய் இருந்தா சொல்லுற முதல் வசனம் "டொக்டர், சரியான தலையிடி". அதோட கதை முடிஞ்சுது. அவருக்கு அதில இருந்து என்ன விளங்கும், வெளியில வரிசை வாசல் வரைக்கும் நிக்குது, பனடோல் எழுதித் தருவார், நாங்களும் "மனுசன் ஒண்டும் வடிவாக் கேக்கேல்ல" எண்டு புறுபுறுத்துக்கொண்டு பஸ் ஏறிடுவம். மைக்ரேனைக் காட்டிக் குடுக்கிற ரத்த டெஸ்ட் ஒண்டும் இல்லை, ஸ்கானிலயும் அது தெரியாது (ஸ்கான் எடுக்கிறது வேற வருத்தம் இல்லையெண்டு பாக்கத்தான்). அப்ப நீங்கள் வாயால சொல்லுறதுதான் ரிப்போட். அந்த ரிப்போட்டில "சரியான" எண்ட சொல்லுக்குப் பதிலா நாள் கணக்கு இருக்க வேணும், இந்தப் பதிவு முழுக்க அதைப் பற்றித்தான்.

தேவையான சாமான்: மாசம் மாசமாப் பிரிச்ச ஒரு கலண்டர், பேனை, உங்கட கிளினிக் கொப்பி. போனில ஆப் எல்லாம் இருக்கு, எண்டாலும் தலையிடி நேரம் போன் வெளிச்சத்தைப் பாக்க ஆருக்கு ஏலும், கலண்டர்தான் நல்லது.

படி 1: இது மைக்ரேன் மாதிரியோ எண்டு பாருங்கோ

மருந்து ஒண்டும் எடுக்காட்டி 4 மணித்தியாலத்தில இருந்து 72 மணித்தியாலம் வரைக்கும் நிக்கும். ஒரு பக்கத் தலை, விண் விண்ணெண்டு குத்து, வேலை ஓடாத அளவு நோ, நடந்தாலோ படி ஏறினாலோ கூடுறது, இந்த நாலில ரெண்டாவது இருக்கும். அதோட சத்தி அல்லது வயித்தைப் பிரட்டுறது, இல்லாட்டி வெளிச்சமும் சத்தமும் ரெண்டுமே பிடிக்காமல் போறது. இப்பிடி அஞ்சு தரமாவது வந்திருந்தா டொக்டர்மார் மைக்ரேன் எண்டு யோசிப்பினம். எங்கட ஆக்கள் இதுக்கு பீனிசம் எண்டு பேர் வச்சு ஆவி பிடிச்சுக்கொண்டு இருப்பினம், இல்லாட்டிக் கண்ணாடி மாத்துவினம். முடிவு சொல்லுறது டொக்டர்ட வேலை, நீங்கள் மேல சொன்னதில எது எது இருக்கெண்டு மட்டும் குறிச்சு வையுங்கோ.

படி 2: கலண்டரில அடையாளம் போடுங்கோ

தலையிடி வந்த நாளுக்கு ஒரு வட்டம். வட்டத்துக்குள்ள 1, 2, 3 எண்டு ஒரு இலக்கம். 1 எண்டா வேலை செய்யலாம், 2 எண்டா பாதி வேலைதான் ஓடிச்சுது, 3 எண்டா படுத்திட்டன். கீழ எத்தினை குளிசை எண்டு எழுதுங்கோ, குளிசையின்ர பேரையும் எழுதுங்கோ. கடையில உதிரியாக் கடதாசியில சுத்தித் தந்ததெண்டா பேர் கேட்டு வாங்குங்கோ, சொல்லமாட்டினம் எண்டா அந்தக் கடையில வாங்காதேங்கோ. பெண் பிள்ளையள் பீரியட்ஸ் தொடங்குற நாளுக்கு ஒரு புள்ளி வையுங்கோ, ஏனெண்டா சிலருக்கு அதுக்கு ரெண்டு நாள் முன்னுக்கும் மூண்டு நாள் பின்னுக்கும்தான் மைக்ரேன் வாறது, மூண்டு மாசக் கலண்டரைப் பக்கத்தில பக்கத்தில வச்சா அது உடன தெரிஞ்சிடும்.

என்ன சாப்பிட்டனான், எத்தினை மணிக்கு எழும்பினனான், வெயில், காத்து எண்டு எல்லாத்தையும் எழுதப் போகாதேங்கோ. ரெண்டு கிழமையில அலுத்துப்போய் கலண்டரை விட்டிடுவியள். வட்டம், இலக்கம், குளிசை, புள்ளி காணும்.

படி 3: அஞ்சு கேள்வி

இதுதான் முக்கியமான இடம், ஆறுதலா வாசியுங்கோ. மிடாஸ் (MIDAS) எண்டு, தலையிடி எங்கட அன்றாட வேலையை எவ்வளவு குழப்புது எண்டு பாக்கிற ஒரு அளவு இருக்கு, 1990களின்ர கடைசியில அமெரிக்காவில வோல்டர் ஸ்டூவர்ட், ரிச்சர்ட் லிப்டன் எண்ட ஆராய்ச்சிக்காரர் செய்தது. கடைசி மூண்டு மாசத்தை நினைச்சு, தலையிடியால எத்தினை நாள் எண்டு மட்டும் சொல்ல வேணும்:

1. வேலைக்கோ பள்ளிக்கூடத்துக்கோ போகாமல் விட்டது எத்தினை நாள்?
2. போயும் பாதிக்குப் பாதி வேலைகூட ஓடாதது எத்தினை நாள்? (ஒண்டில எண்ணினதை இதில திரும்ப எண்ணக்கூடாது)
3. வீட்டு வேலை செய்யாமல் விட்டது எத்தினை நாள்?
4. வீட்டு வேலை பாதிக்கு மேல குறைஞ்சது எத்தினை நாள்? (மூண்டில எண்ணினதை விட்டிட்டு)
5. குடும்பக் காரியம், கோயில், கலியாணவீடு, நண்பர்மாரோட போறது எண்டு இருந்ததை விட்டது எத்தினை நாள்?

அஞ்சையும் கூட்டுங்கோ. 0இல இருந்து 5 எண்டா பாதிப்பு இல்லாத மாதிரித்தான், 6–10 கொஞ்சம், 11–20 நடுத்தரம், 21உம் அதுக்கு மேலயும் கடுமை.

எங்கட ஆக்கள் பிழைவிடுறது மூண்டாம் நாலாம் கேள்வியிலதான், முக்கியமா அம்மாமார். "வீட்டு வேலை செய்யாமல் விட்டதோ, அப்பிடி ஒரு நாளும் இல்லையே" எண்டுவினம். தலையைச் சீலையால இறுக்கிக் கட்டிக்கொண்டு சோறு மட்டும் வச்சு, கறிக்கு முதல் நாள் குழம்பைச் சுடவச்சு, உடுப்புத் தோய்க்காமல் விட்டு, பிள்ளையைப் பக்கத்து வீட்டுக்காரியோட பள்ளிக்கூடம் அனுப்பின நாள் நாலாம் கேள்விக்குள்ள வரும். அது "சமாளிச்ச நாள்" எண்டு விடுறதில்லை, எண்ணுறது.

ஒரு கணக்கு செய்து பாப்பம். விசுவமடுவில இருந்து கார்மென்டுக்குப் போற ஒரு அக்கா எண்டு வையுங்கோ. லீவு போட்டது 4 நாள். போய் மிசினுக்கு முன்னால இருந்தும் பாதி வேலை ஓடாதது 5 நாள். வீட்டு வேலை முழுக்க விட்டது 6 நாள், பாதியில விட்டது 7 நாள். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போகாததையும் சேத்து விட்ட காரியம் 3 நாள். மொத்தம் 25, கடுமை. அதே அக்காவிட்ட "தலையிடியால என்ன கஸ்டம்" எண்டு கேட்டா "நாலு நாள் லீவு போட்டனான் டொக்டர்" எண்டுதான் சொல்லியிருப்பா. நாலுக்கும் இருவத்தஞ்சுக்கும் இடையில கிடக்கிறதுதான் டொக்டருக்குத் தெரியாமல் போறது.

"ஒரே நாளில வேலையும் விட்டன், சமையலும் விட்டன், ரெண்டு தரம் எண்ணலாமோ?" எண்டு கேப்பியள். எண்ணலாம். ஒண்டாம் கேள்விக்கும் மூண்டாம் கேள்விக்கும் ஒரே நாள் வந்தாப் பிரச்சினை இல்லை, அதால மொத்தம் தலையிடி வந்த நாளை விடக் கூடவும் வரலாம். வேலைக்கே போறதில்லை எண்டா முதல் ரெண்டுக்கும் 0 போடுங்கோ. களை பிடுங்கக் கூலிக்குப் போறது, அரிவி வெட்டு, கடலுக்குப் போறது எல்லாம் வேலைதான், மாசச் சம்பளம் இருந்தாத்தான் வேலை எண்டில்லை.

ஹிட்-6 எண்டு இன்னொண்டும் இருக்கு, ஆறு கேள்வி, 36இல இருந்து 78 வரைக்கும் புள்ளி, 60உம் அதுக்கு மேலயும் எண்டா கடுமையான பாதிப்பு. கிளினிக்கில தந்தா நிரப்புங்கோ. வீட்டில ஒண்டு செய்யிறதெண்டா மிடாஸ் காணும், நாள் எண்ணுறது எங்களுக்கு லேசு.

படி 4: ஒரு துண்டில எழுதுங்கோ

அரைப் பக்கம். அதுக்கு மேல போனா ஒருத்தரும் வாசிக்கமாட்டினம். மாசத்தில தலையிடி நாள் எத்தினை, மிடாஸ் மொத்தம் எத்தினை, குளிசை எடுத்த நாள் எத்தினை. இந்த மூண்டும் மேல பெரிசா இருக்க வேணும். கீழ மற்ற வருத்தங்கள், எடுக்கிற மருந்துகள்.

குளிசை எடுத்த நாளை ஏன் எழுதச் சொல்லுறன் எண்டா, பனடோல் மாதிரிச் சாதாரண குளிசையை மாசத்தில 15 நாளோ அதுக்கு மேலயோ, கலவைக் குளிசை (ஒண்டுக்கு மேற்பட்ட மருந்து சேந்தது), கோடீன் எண்ட நோ மருந்து, மைக்ரேனுக்கெண்டே உள்ள சுமாட்ரிப்டான் மாதிரியானதை 10 நாளோ அதுக்கு மேலயோ, மூண்டு மாசத்துக்கு மேல எடுத்தா அந்தக் குளிசையே தலையிடியைக் கொண்டுவரும். டொக்டர் ஏசுவார் எண்டு குறைச்சு எழுதாதேங்கோ.

ஆஸ்மா முட்டு இருந்தா கட்டாயம் எழுதுங்கோ, மைக்ரேனைத் தடுக்கக் குடுக்கிற ப்ரோப்ரனலோல் உங்களுக்குச் சரிவராது. தலையிடிக்கு முன்னம் கண்ணில மின்னல் கோடு மாதிரித் தெரியிற ஆக்கள், குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசை எடுக்கிறியள் எண்டா அதையும் சொல்லுங்கோ, ஈஸ்ட்ரஜன் ஹோர்மோன் சேந்த குளிசை அவைக்குப் பக்கவாத ஆபத்தைக் கூட்டும். பிள்ளைத்தாச்சி எண்டாலோ பிள்ளைக்குத் திட்டம் இருந்தாலோ அதுவும் வேணும், சில தடுப்பு மருந்து வயித்தில இருக்கிற பிள்ளைக்குக் கூடாது.

இன்னொண்டு, இது எங்கட மண்ணுக்கெண்டே உள்ளது. உடம்பில செல் (எறிகணை) துண்டு இருக்கிற ஆக்கள் எத்தினை பேர் இஞ்ச. சண்டை நேரம் தலையில காயம் பட்டது, செல் துண்டு இன்னும் உள்ளுக்கு இருக்கு எண்டா அதைக் கடதாசித் துண்டின்ர முதல் வரியில எழுதுங்கோ. எம்ஆர்ஐ (காந்தத்தால எடுக்கிற ஸ்கான்) எடுக்கச் சொன்னா அந்த இரும்பு பெரிய விசயம், காந்தத்துக்குள்ள போக முதல் ஸ்கான் எடுக்கிற ஆக்களுக்குத் தெரிய வேணும். 2009க்குப் பிறகு பிறந்த டொக்டர்மாரும் கெதியா வரப்போகினம், கேக்காமலே விளங்கிக்கொள்ளுவினம் எண்டு இருக்கேலாது.

படி 5: உள்ளுக்குப் போனா

இருந்த உடன துண்டை மேசையில வச்சிட்டு ஒரு வசனம்: "டொக்டர், மாசத்தில பத்து நாள் தலையிடி, மிடாஸ் இருவத்தஞ்சு, எட்டு நாள் குளிசை எடுக்கிறன்." பிறகு வாயை மூடிக்கொண்டு அவர் வாசிக்க விடுங்கோ. சிங்கள டொக்டர் எண்டாலும் பயமில்லை, இலக்கம் எல்லாருக்கும் ஒண்டுதான், மிடாஸ் எண்ட பேரும் அப்பிடித்தான். "விண் விண்" எண்டுறதை மொழிபெயர்க்க நேர்ஸைத் தேடுறதை விட இது லேசு.

மிடாஸ் மொத்தம் 11ஓ அதுக்கு மேலயோ எண்டா இதையும் கேளுங்கோ: "வந்த தலையிடியை நிப்பாட்டுற குளிசை மட்டும் போதுமோ, வராமல் தடுக்கிற மருந்து தேவையோ?" மாசத்தில 15 நாளோ கூடவோ தலையிடி எண்டா அதைத் தனியாச் சொல்லுங்கோ, அது வேற வகையாப் பாக்கிற விசயம்.

கலண்டர் நிரம்பும் மட்டும் காத்திருக்கக் கூடாத தலையிடியும் இருக்கு. இடி விழுந்த மாதிரி ஒரு நிமிசத்துக்குள்ள உச்சத்துக்குப் போறது, காய்ச்சலோட கழுத்து விறைக்கிறது, கை கால் இழுக்கிறது, வாய் கோணுறது, தலையில அடிபட்ட பிறகு வாறது, அம்பது வயசுக்குப் பிறகு முதல் தரம் வாறது. இதுகளுக்கு உடன ஆஸ்பத்திரி.

படி 6: மூண்டு மாசத்தால திரும்ப எண்ணுங்கோ

தடுப்பு மருந்து ரெண்டு மூண்டு மாசம் சரியான அளவில எடுத்தாத்தான் கேக்குதோ இல்லையோ எண்டு தெரியும், ரெண்டு கிழமையில "இது சரிவரேல்ல" எண்டு விடாதேங்கோ. தலையிடி நாள் பாதியாக் குறைஞ்சா மருந்து வேலை செய்யுது எண்டுதான் கணக்கு, ஒண்டுமே வராமல் போகும் எண்டு எதிர்பாக்காதேங்கோ. பழைய துண்டைக் கிளினிக் கொப்பிக்குள்ள பின் குத்தி வச்சிருந்தா புதுத் துண்டைப் பக்கத்தில வச்சுக் காட்டலாம், டொக்டர் மாறியிருந்தாலும் கதையைத் திரும்ப முதல்ல இருந்து சொல்லத் தேவையில்லை. நித்திரை தூக்குது எண்டு மருந்தைப் பாதியில விட்டிருந்தா எந்த நாள் விட்டனியள் எண்டு கலண்டரில குறிச்சு அதையும் காட்டுங்கோ, இல்லாட்டி மருந்து கேக்கேல்ல எண்டு நினைச்சு அவர் அளவைக் கூட்டி எழுதிடுவார்.