டண்டீ தொகுதியின் பழைய ஓட்டுக் கணக்கு: வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்

ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில், டே ஆறு கடலைச் சேரும் இடத்தில் இருக்கிறது டண்டீ. 1832 முதல் 1950 வரை அந்த ஊர் பெயரிலேயே பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் ஒரு தொகுதி இருந்தது. வின்ஸ்டன் சர்ச்சில் அங்கே 14 ஆண்டுகளுக்கு மேல் உறுப்பினர். 1922இல் மதுவிலக்குக் கட்சிக்காரர் ஒருவரிடம் அவர் தோற்றார். வினாடி வினாவுக்கு இவ்வளவு போதும். இதற்கு மேல் ஒரு படி போய் அந்தத் தொகுதியின் தேர்தல் வரலாற்றை எழுத உட்கார்ந்தால்தான் சிக்கல். பழைய முடிவுப் பட்டியல்கள் பார்க்க நம் ஊர்ப் பட்டியல் மாதிரியே இருக்கும். ஆனால் அதே மாதிரி படித்தால் கவிழ்ந்துவிடுவோம். நானும் கவிழ்ந்தவன்தான்.

1922 நவம்பர் 15ஆம் தேதி நடந்த தேர்தலின் முடிவு இது. மதுவிலக்குக் கட்சியின் எட்வின் ஸ்கிரிம்ஜர் 32,578. லேபர் கட்சியின் மொரெல் 30,292. தேசிய லிபரல்கள் இருவர்: மெக்டொனால்டு 22,244, சர்ச்சில் 20,466. இன்னொரு லிபரலான பில்கிங்டன் 6,681. கம்யூனிஸ்ட் கட்சியின் வில்லி காலகர் 5,906. எல்லாவற்றையும் கூட்டினால் 1,18,167. முதல் தடவை இதைப் பார்த்தபோது, ‘டண்டீயில் 1,18,167 பேர் வாக்களித்தனர்’ என்று குறிப்பேட்டில் எழுதி, அடியில் கோடும் போட்டேன். அப்புறம்தான் உறுத்தியது. அந்த ஊரின் மொத்த மக்கள்தொகையே அப்போது சுமார் 1,70,000. பெண்களுக்கு 30 வயது ஆனால்தான் ஓட்டு. குழந்தை குட்டிகளைக் கழித்துவிட்டுப் பார்த்தால் இத்தனை வாக்காளர்கள் எங்கிருந்து வந்திருப்பார்கள்?

1868 முதல் டண்டீ இரட்டை உறுப்பினர் தொகுதி. பொதுத்தேர்தலில் ஒவ்வொருவருக்கும் இரண்டு ஓட்டு. இரண்டையும் ஒரே ஆளுக்குப் போட முடியாது. இரண்டு பேருக்குப் பிரித்துப் போடலாம், வேண்டாம் என்றால் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளலாம். முதல் இரண்டு இடத்துக்கு வருபவர்கள் இருவருமே உறுப்பினர்கள். இந்தியாவிலும் 1952, 1957 தேர்தல்களில் இரட்டை உறுப்பினர் தொகுதிகள் உண்டு, 1961இல்தான் அவற்றை ஒழித்தார்கள். ஆனால் நம்முடையது வேறு ஏற்பாடு. ஓர் இடம் பொது, இன்னொன்று பட்டியல் சாதியினருக்கோ பழங்குடியினருக்கோ ஒதுக்கப்பட்டது. டண்டீயில் அப்படி ஒதுக்கீடு எதுவும் இல்லை. அதனால் நம் அனுபவத்தை அப்படியே அங்கே பொருத்துவதும் தப்பு.

இது புரிந்துவிட்டால் மற்ற தவறுகள் தாமாகவே கண்ணில் படும். முதலில் சதவீதம். ஸ்கிரிம்ஜருக்கு 27.6 சதவீதம் என்று அச்சிட்டிருப்பார்கள். அது விழுந்த ஓட்டுகளில் அவர் பங்கு, வாக்களித்த ஆட்களில் அல்ல. ‘நாலில் ஒருவரின் ஆதரவோடு ஜெயித்தவர்’ என்று இதை வைத்து எழுதினால் அவருக்குப் பெரிய அநியாயம். எல்லோரும் இரண்டு ஓட்டையும் போட்டிருந்தால் வாக்களித்தவர்கள் ஏறத்தாழ 59,000 பேர். அந்தக் கணக்கில் 55 சதவீதம் பேர் தங்கள் இரண்டில் ஓர் ஓட்டை ஸ்கிரிம்ஜருக்குப் போட்டிருக்கிறார்கள். ஒற்றை ஓட்டோடு நிறுத்தியவர்கள் எத்தனை பேரோ, அந்த அளவுக்கு இது கொஞ்சம் குறையும். எப்படிப் பார்த்தாலும் 27.6 இல்லை.

அடுத்தது வித்தியாசம். முதலாமவரிலிருந்து இரண்டாமவரைக் கழிப்பது நம் கைப்பழக்கம். அப்படிக் கழித்தால் ஸ்கிரிம்ஜர் மொரெலை 2,286 ஓட்டில் ‘வென்றார்’ என்று வரும். மொரெல் தோற்கவே இல்லையே, அவரும் உறுப்பினர்தான். கழிக்க வேண்டியது மூன்றாமவரை. சர்ச்சில் எவ்வளவில் கோட்டைவிட்டார் என்று கேட்டால், பார்க்க வேண்டியது மொரெலின் எண்ணை: 30,292இல் 20,466 போனால் 9,826. அவருக்கும் ஸ்கிரிம்ஜருக்கும் நடுவே இருக்கும் 12,112 என்பது பேச்சுக்குச் சுவையான எண். தேர்தலைத் தீர்மானித்த எண் அது இல்லை. இன்னொன்று: ‘சர்ச்சில் இரண்டாமிடம்’ என்று எழுதுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர் நான்காமிடம்.

ஆறு எண்ணை ஒரே வரிசையில் அடுக்காதீர்கள்

ஸ்கிரிம்ஜரின் கதை எழுதுபவரைச் சும்மா விடாது. நகர்மன்ற அரசியல்வாதி, தீவிர கிறிஸ்தவர், சோசலிசச் சாய்வு உள்ளவர், குடிக்கு ஜென்ம விரோதி. சர்ச்சில் போட்டியிட்ட ஒவ்வொரு டண்டீ தேர்தலிலும் எதிரே நின்றார். 1908இல் 655 ஓட்டு. 1910 ஜனவரியில் 1,512. அதே ஆண்டு டிசம்பரில் 1,825. 1917இல் 2,036. 1918இல் 10,423. 1922இல் 32,578. உடனே ஒரு வரைபடம் போட்டு, ‘விடாமுயற்சி வெற்றி தரும்’ என்று தலைப்பு வைக்கக் கை துறுதுறுக்கும்.

கொஞ்சம் பொறுங்கள். 1908, 1917 இரண்டும் இடைத்தேர்தல்கள். காலியானது ஓர் இடம், ஆகவே ஆளுக்கு ஓர் ஓட்டு. 1910இல் நடந்த இரண்டும் பொதுத்தேர்தல்கள், ஆளுக்கு இரண்டு ஓட்டு. 1918க்குள் சட்டம் மாறி, 21 வயதான ஆண்கள் ஏறத்தாழ எல்லோருக்கும், 30 வயதைத் தாண்டிய பெண்களில் பெரும்பாலோருக்கும் ஓட்டு கிடைத்தது. வாக்காளர் பட்டியலே வேறு பட்டியல் ஆகிவிட்டது. 1917இல் போட்டியிட்டவர்கள் இரண்டே பேர்: சர்ச்சில் 7,302, ஸ்கிரிம்ஜர் 2,036. வேறு ஆள் இல்லாததால் சர்ச்சிலைப் பிடிக்காதவர்களுக்கும் போக்கிடம் அவர்தான். ஆறு எண்ணும் ஆறு விதமான தராசில் நிறுத்தவை.

லேபர் கட்சிக்கும் இதே கதி. 1908 இடைத்தேர்தலில் அதன் வேட்பாளருக்கு 4,014, மூன்றாமிடம். இருபதே மாதத்தில், 1910 ஜனவரியில், அலெக்சாண்டர் வில்கிக்கு 10,365. ‘லேபர் அலை’ என்று எழுதிவிடலாமா? கூடாது. அதே ஜனவரியில் சர்ச்சில் வாங்கியது 10,747. டிசம்பரில் சர்ச்சில் 9,240, வில்கி 8,957. எண்கள் ஜோடியாக நடக்கின்றன, கவனித்தீர்களா? இரண்டு இடம் உள்ள ஊரில் லிபரல் கட்சி ஒருவரையும் லேபர் கட்சி ஒருவரையும் நிறுத்தினால் சண்டைக்கே இடமில்லை. ஒரே ஆள் ஓர் ஓட்டை அவருக்கும் ஓர் ஓட்டை இவருக்கும் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். 1908இல் இருந்தது ஓர் இடம், அதனால் இருவரும் மோத வேண்டியதாயிற்று. கட்சிகளின் பலம் தலைகீழாக மாறவில்லை, சீட்டின் எண்ணிக்கைதான் மாறியது.

இந்த ஜோடிக் கணக்குதான் 1922ஐயும் திறக்கிற சாவி. ‘குடிக்கு எதிராக டண்டீ பொங்கி எழுந்தது’ என்பது படிக்க நன்றாக இருக்கும். ஆனால் லேபர் கட்சி அந்தத் தேர்தலில் மொரெல் ஒருவரைத்தான் நிறுத்தியது. மொரெலுக்குப் போட்ட தொழிலாளியின் கையில் இன்னோர் ஓட்டு மிச்சம். அதை சர்ச்சிலுக்குப் போடுவாரா? கம்யூனிஸ்ட் காலகருக்குப் போனது சொற்பம். பெரும்பங்கு ஸ்கிரிம்ஜருக்குப் போனது. மேலே ஒரு ஜோடி, கீழே மெக்டொனால்டு–சர்ச்சில் என்று இன்னொரு ஜோடி. மதுவிலக்குக்கு மட்டும் விழுந்த ஓட்டு எவ்வளவு என்று அந்த 32,578இலிருந்து பிரித்தெடுக்க வழியில்லை. நாடாளுமன்றம் போய் அவர் கொண்டுவந்த மதுவிலக்கு மசோதாவை அவை பெருவாரியாகத் தள்ளுபடி செய்தது. ஆனாலும் 1931 வரை டண்டீ அவரைத் திரும்பத் திரும்ப அனுப்பியது. மதுவிலக்கை முன்வைத்தே மக்களவைக்குத் தேர்வானவர் பிரிட்டனில் அவர் ஒருவர்தான்.

ஒற்றைக் காரணம் தேடுவது

சர்ச்சில் ஏன் தோற்றார் என்பதற்கு ஆளாளுக்கு ஒரு காரணம் வைத்திருப்பார்கள். குடல்வால் அறுவை சிகிச்சை என்பார்கள். உண்மைதான், அக்டோபரில் அறுவை சிகிச்சை, பிரசாரத்தின் கடைசி நாட்களில்தான் டண்டீ வந்தார். நாற்காலியில் தூக்கிவந்து மேடையில் உட்காரவைத்தார்கள், உட்கார்ந்தபடியே பேசினார், கூட்டம் கூச்சல் போட்டது. அதற்கு முன்பு மனைவி கிளெமென்டைன், பிறந்து சில வாரமே ஆன மகள் மேரியையும் கூட்டிக்கொண்டு போய் அவருக்காக ஓட்டுக் கேட்டார். பதவி போச்சு, தொகுதி போச்சு, கட்சி போச்சு, குடல்வாலும் போச்சு என்ற தொனியில் பின்னாளில் சர்ச்சிலே கேலியாக எழுதியதால், இந்தக் காரணம் ஊரெங்கும் பரவிவிட்டது.

ஆனால் கூட நின்ற மெக்டொனால்டுக்கு எந்த அறுவை சிகிச்சையும் நடக்கவில்லை. அவரும்தானே தோற்றார்? சர்ச்சிலைவிட 1,778 ஓட்டுதான் அவருக்கு அதிகம். சொந்த உடம்போ, சொந்தச் செல்வாக்கோ ஆட்டம் காட்டியது அவ்வளவுதான் என்று நான் எடுத்துக்கொள்வேன். மீதியை ஊருக்குள் தேட வேண்டும். டண்டீ சணல் ஆலைகளின் ஊர். வங்காளத்திலிருந்து கப்பலில் வந்த சணலைத் திமிங்கில எண்ணெய் விட்டுப் பதப்படுத்தி நூற்றவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கல்கத்தா ஆலைகளின் போட்டியும் போருக்குப் பிந்தைய மந்தமும் சேர்ந்து வேலையில்லாத் திண்டாட்டம். அயர்லாந்திலிருந்து குடியேறிய கத்தோலிக்கக் குடும்பங்கள் அங்கே ஏராளம். அயர்லாந்தில் அரசு ஏவிய அடக்குமுறையில் சர்ச்சிலுக்கு இருந்த பங்கை அவர்கள் மறக்கவில்லை. உள்ளூர்ப் பத்திரிகை முதலாளி டி. சி. தாம்சனும் அவரும் எலியும் பூனையும். போதாததற்கு லிபரல் கட்சியே இரண்டாக உடைந்துகிடந்தது. இதில் எது முக்கியம் என்று தேர்தல் முடிவுத் தாளை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

பெயர்ப் பலகைகள்

கட்சிப் பெயர்களில் ஒரு பொறி உண்டு. 1908இல் சர்ச்சிலை எதிர்த்த பாக்ஸ்டர் ‘லிபரல் யூனியனிஸ்ட்’. பெயரில் லிபரல் இருப்பதால் அவரை சர்ச்சிலின் கட்சிக்காரர் என்று கூட்டிவிடாதீர்கள். அயர்லாந்து தன்னாட்சிப் பிரச்சினையில் பிரிந்துபோய் கன்சர்வேடிவ்களோடு சேர்ந்தவர்கள் அவர்கள். 1912 முதல் 1965 வரை ஸ்காட்லாந்தில் கன்சர்வேடிவ்களின் பெயரே யூனியனிஸ்ட் கட்சிதான். 1931இல் ஸ்கிரிம்ஜரை வீழ்த்தி, லிபரல் கட்சியின் டிங்கிள் ஃபுட்டோடு தேர்வான ஃப்ளாரன்ஸ் ஹார்ஸ்ப்ரோவும் யூனியனிஸ்ட். சர்ச்சில் 1908இல் லிபரல், 1918இல் கூட்டணி லிபரல், 1922இல் தேசிய லிபரல். ஆள் ஒன்று, பெயர்ப் பலகை மூன்று.

‘இடைத்தேர்தல் என்றால் யாரோ இறந்திருக்க வேண்டும்’ என்ற எண்ணமும் இங்கே செல்லாது. அந்தக் காலத்தில் அமைச்சராகப் பதவியேற்றாலே பெரும்பாலும் உறுப்பினர் பதவி காலியாகிவிடும், மறுபடி மக்களிடம் போய் நிற்க வேண்டும். 1908 ஏப்ரலில் சர்ச்சில் அமைச்சரவையில் சேர்ந்ததும் மான்செஸ்டர் வடமேற்கில் அப்படி நின்று, 429 ஓட்டில் தோற்றார். டண்டீ உறுப்பினர் எட்மண்ட் ராபர்ட்சனுக்குப் பிரபு பட்டம் கொடுத்து மேலவைக்கு அனுப்ப, அந்த இடத்துக்குத்தான் சர்ச்சில் ஓடிவந்தார். வந்த இடத்திலும் நிம்மதி இல்லை. மேரி மலோனி என்ற பெண், பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்ட இயக்கத்தைச் சேர்ந்தவர், கையில் ஒரு பெரிய மணியோடு ஒவ்வொரு கூட்டத்துக்கும் பின்தொடர்ந்தார். சர்ச்சில் வாய் திறந்தால் இவர் மணியை ஆட்டுவார். இருந்தும் சர்ச்சில் ஜெயித்தார்: 7,079 ஓட்டு. 1917 இடைத்தேர்தலும் சாவால் வந்ததல்ல, சர்ச்சில் ராணுவத் தளவாட அமைச்சர் ஆனதால் வந்தது. மொரெல் 1924 நவம்பரில் இறந்ததால் வந்த இடைத்தேர்தல்தான் நாம் நினைக்கிற வகை. டிசம்பரில் டாம் ஜான்ஸ்டன் வென்றார்.

எல்லைகளைப் பற்றி இரண்டே வார்த்தை. 1832க்கு முன் டண்டீக்குத் தனித் தொகுதி இல்லை. பெர்த், குப்பார், ஃபோர்ஃபார், செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊர்களோடு சேர்த்து ஒரே உறுப்பினர். 1950இல் தொகுதியைக் கிழக்கு, மேற்கு என்று பிரித்தார்கள். ஆகவே 1974இல் டண்டீ கிழக்கில் ஸ்காட்டிஷ் தேசியக் கட்சி வென்றதை இந்தப் பழைய தொகுதியின் கணக்கில் சேர்க்கக் கூடாது. 1999இல் எடின்பரோவில் தொடங்கிய ஸ்காட்டிஷ் நாடாளுமன்றத்திலும் டண்டீ பெயரில் தொகுதிகள் உண்டு. அது வேறு அவை, வேறு தேர்தல்.

தமிழில் அடிக்கடி பார்க்கும் ஒரு குழப்பம், ‘1945 தேர்தலில் சர்ச்சில் தோற்றார்’ என்பதை டண்டீயோடு முடிச்சுப்போடுவது. 1945இல் தோற்றது அவர் கட்சி. அவர் லண்டனை ஒட்டிய உட்ஃபோர்டில் ஜெயித்தார். அதே தேர்தலில் டண்டீயின் இரண்டு இடமும் லேபருக்குப் போயின, ஜான் ஸ்ட்ரேச்சிக்கும் தாமஸ் குக்குக்கும். சர்ச்சிலுக்கும் டண்டீக்குமான கணக்கு அதற்குள் முடிந்துபோயிருந்தது. 1943இல், அவர் போர்க்காலப் பிரதமராக இருந்தபோது, டண்டீ நகர்மன்றம் அவருக்கு நகரின் கௌரவக் குடியுரிமை அளிக்கத் தீர்மானித்தது. ஆதரவு 16, எதிர்ப்பு 15. ‘டண்டீ மறுத்துவிட்டது’ என்று இதையும் திருப்பிச் சொல்கிறார்கள். மறுத்தவர் சர்ச்சில்.