சக்கர நாற்காலியோடு யாழ்ப்பாணம் போகிறவர்களுக்கு

ஊருக்குப் போக ரிக்கற் போடுவதற்கு முன், அங்கே நிற்கப்போகும் வீட்டின் குளியலறை வாசலை அளக்கச் சொல்லுங்கள். கதவைத் திறந்துவைத்து, நிலைக்கும் கதவுப் பலகைக்கும் இடையில் எவ்வளவு வெளி மிஞ்சுகிறது என்று அளக்க வேண்டும். பெரியவர்களின் கையால் உருட்டும் நாற்காலி பொதுவாக 24 முதல் 26 அங்குல அகலம் வரும். ஊர் வீடுகளில் மற்றக் கதவெல்லாம் தாராளமாக இருக்கும், குளியலறைக் கதவு மட்டும் ஒடுங்கிப்போயிருக்கும். "வீட்டில எல்லா வசதியும் இருக்கு, நீ வா" என்று சித்தி சொல்வதை மட்டும் நம்பி ஏறிவிடாதீர்கள். சித்தி பொய் சொல்லவில்லை. கொமட் இருந்தால் அவருக்கு அது வசதி, அந்தக் கொமட்டுக்குப் பக்கத்தில் நாற்காலியைக் கொண்டுபோக இடம் வேண்டும் என்பது அவருக்கு ஏன் தோன்றப்போகிறது? அளவு நாடாவைப் பிடித்துப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். வாசல் படிகள், கொமட்டின் உயரம், கட்டிலின் உயரம், கதவு நிலையின் அடிக்கட்டை எல்லாம் படத்தில் வரவேண்டும்.

விறாந்தைக்கு ஏற இரண்டு மூன்று படி இல்லாத வீடு குறைவு. சாய்தளத்துக்கு ஒரு அங்குல உயரத்துக்கு ஒரு அடி நீளம் என்பது கணக்கு. ஆறு அங்குலப் படி மூன்று என்றால் 18 அடி. மேசனிடம் இந்தக் கணக்கைச் சொல்லாமல் விட்டால் மூன்று அடியில் மலைபோல ஒன்றைக் கட்டி, சீமெந்தை வழவழவென்று பூசியும் தந்துவிடுவார். மேற்பரப்பு சொரசொரப்பாக இருக்கவேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இரண்டு கிழமைப் பயணத்துக்குக் கட்டுவது அதிகம் என்று பட்டால், பின் வாசலைப் பாருங்கள். குசினிப் பக்கம் பெரும்பாலும் ஒரு படிதான், அதற்கு ஒரு தடித்த பலகை போதும். குளியலறை சரிவராவிட்டால், சில்லுப் பூட்டிய கொமட் கதிரை ஒன்றை யாழ்ப்பாண நகரில் உள்ள மருத்துவ உபகரணக் கடையில் முன்கூட்டியே வாங்கி வைக்கச் சொல்லலாம்.

அப்புறம் விமானம். "வீல்செயார் வேணும்" என்று மட்டும் சொன்னால், நடக்கக் கஷ்டப்படும் அம்மம்மாவுக்குப் போடும் குறியீட்டையே உங்களுக்கும் போட்டுவிடுவார்கள். குறியீடு மூன்று. தூரம் நடக்க முடியாது, படி ஏறலாம் என்றால் டபிள்யூ.சி.எச்.ஆர். படியும் ஏற முடியாது என்றால் டபிள்யூ.சி.எச்.எஸ். நடக்கவே முடியாது, இருக்கை வரை கொண்டுபோய் விடவேண்டும் என்றால் டபிள்யூ.சி.எச்.சி. உங்கள் பதிவில் எது இருக்கிறது என்று கேட்டு உறுதிப்படுத்துங்கள். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்தும் பிரித்தானியாவிலிருந்தும் புறப்படுவோருக்கு இந்த உதவி சட்டப்படி இலவசம், 48 மணித்தியாலம் முன்னதாக அறிவிக்க வேண்டும். டோஹாவிலோ டுபாயிலோ மாறுகிறவர்கள், அங்கே சொந்த நாற்காலி கைக்கு வரவேண்டுமா, கொழும்பு விமான நிலையமான கட்டுநாயக்காவில் வந்தால் போதுமா என்பதையும் முதலே சொல்லிவையுங்கள். மெத்தையையும் கழரக்கூடிய பாகங்களையும் கழற்றி உள்ளே கொண்டுபோவது நல்லது. சாமான் அறையில் தொலைவதும் உடைவதும் அவைதான்.

நாற்காலி உடைந்தால் நட்டஈட்டுக்கு ஒரு உச்ச வரம்பு உண்டு. சர்வதேச விமானப் பயண நட்டஈட்டுக்கான மொன்றியல் உடன்படிக்கையின்படி 2024 டிசம்பர் 28 முதல் அது 1,519 எஸ்.டி.ஆர். (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு), ஏறக்குறைய 2,000 அமெரிக்க டொலர். உங்கள் நாற்காலி அதைவிட விலை கூடியதென்றால், பயணப் பொதியை ஒப்படைக்கும் இடத்திலேயே அதன் பெறுமதியை எழுத்தில் தெரிவிக்கலாம், அப்போது வரம்பு உயரும். இதை அவர்களாகச் சொல்வது அரிது. சேதத்தை விமான நிலையத்தை விட்டு வெளியேற முன்பே படம் எடுத்து முறையிடுங்கள்.

மின்சார நாற்காலிக்காரர்களுக்கு இன்னும் இரண்டு விஷயம். கழற்றி எடுக்கும் வகை லித்தியம் பற்றரி என்றால் பொதுவான எல்லை 300 வாட்-மணி. பற்றரியில் அந்த எண் அழிந்துபோயிருந்தால் தயாரிப்பாளரின் தாளைக் கையில் வைத்திருங்கள். இலங்கை மின்சாரம் 230 வோல்ற், கனடாவில் 120. சார்ஜரில் 100-240 என்று எழுதியிருந்தால் பிரச்சினை இல்லை, 120 மட்டும் என்றால் செருகிய உடனே எரிந்துவிடும். பழைய வீடுகளில் உருண்டை முள் பிளக், புதியவற்றில் பிரித்தானியச் சதுர முள். இரண்டுக்கும் அடப்டர் வேண்டும்.

சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்குப் பறப்பதும் ஒரு வழி. 2019 ஒக்ரோபரில் அது சர்வதேச விமான நிலையமானது. ஆனால் அங்கே வருவது சின்ன ஏ.டி.ஆர். விமானம். மின்சார நாற்காலி அதன் சாமான் கதவுக்குள் நுழையுமா என்று உயரத்தைச் சொல்லிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். கட்டுநாயக்காவிலிருந்து தரைவழியே வந்தால் 6, 7 மணித்தியாலம். எல்லோரும் கே.டி.எச். வான் (ரொயோட்டா ஹையேஸ்) பிடித்துத் தருவார்கள், குடும்பத்துக்கு அது நல்லதுதான். ஆனால் நாற்காலியிலிருந்து மாறி ஏறுகிறவருக்கு அதன் இருக்கை மிக உயரம். சாதாரண காரின் முன் இருக்கையே சுகம், மற்றவர்கள் வானில் வரட்டும். வழியில் அனுராதபுரத்தில் பெரிய ஹோட்டல் ஒன்றில் சாப்பாட்டையும் கழிவறையையும் சேர்த்துத் திட்டமிடுங்கள். புகையிரதத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன், பெட்டியின் படி அவ்வளவு உயரம்.

ஊர் ஒழுங்கையில் முன் சில்லு மணலில் புதையும். அகலமான காற்றடைத்த முன் சில்லு கிடைத்தால் மாற்றிக்கொண்டு போங்கள். இல்லாவிட்டால் தள்ளுகிறவரிடம் பின்னுக்குச் சாய்த்து இழுக்கச் சொல்லுங்கள். பஞ்சர் பற்றிக் கவலை வேண்டாம், சந்திக்குச் சந்தி சைக்கிள் கடை உண்டு. ஒட்டுவார்கள், ஆனால் உங்கள் ரியூப்பின் வால்வு பலவேளை மோட்டார் சைக்கிள் வகை, அதனால் காற்று மோட்டார் சைக்கிள் கடையில்தான் அடிக்க வேண்டிவரும். அளவான ரியூப் இரண்டைப் பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள். ஐப்பசி கார்த்திகை மழையில் ஒழுங்கைகள் சேறாகிவிடும். தை, மாசி எவ்வளவோ மேல்.

வெயிலைச் சும்மா எண்ணாதீர்கள். முதுகுத்தண்டில், குறிப்பாகக் கழுத்துப் பகுதியில் அடிபட்டவர்களுக்கு அடிபட்ட இடத்துக்குக் கீழே வியர்க்காது, உடம்பு சூடேறுவது தெரியாமலே மயக்கம் வரும். தண்ணீர் தெளிக்கும் போத்தலும் ஈரத் துவாயும் கையில் இருக்கட்டும். சலக்குழாய் முதலியவற்றைத் தேவைக்கு மேலாகவே, கைப்பையில் கொண்டுபோங்கள்.

செயற்கைக் கால் போட்டவர்களுக்குக் கோயிலில் வரும் சிக்கல் வேறு. வெளிநாட்டில் செய்த பாதம் சப்பாத்தின் குதி உயரத்துக்கு ஏற்றபடி சீரமைக்கப்பட்டது. சப்பாத்தைக் கழற்றினால் குதி தாழ்ந்து, பின்னுக்குச் சாய்வது போல இருக்கும், முழங்காலும் பின்னுக்குத் தள்ளும். குதிக்கு அடியில் கட்டிக்கொள்ள ஒரு றப்பர் ஆப்புச் செய்துதரும்படி உங்கள் கால் செய்பவரிடம் புறப்பட முன் கேளுங்கள். யாழ்ப்பாணத்தில் 1987 முதல் இயங்கும் ஜெய்ப்பூர் புனர்வாழ்வு நிலையத்தில் செயற்கைக் கால் செய்கிறார்கள். ஜெய்ப்பூர்ப் பாதமே வெறுங்காலோடு நடக்கவும் குந்தியிருக்கவும் என்று உருவானது. அவசரத் திருத்தத்துக்கு அழைத்துக் கேட்கலாம், கார்பன் பாதத்தின் உதிரிப்பாகத்தை எதிர்பார்க்க வேண்டாம். போரில் கால் இழந்த எத்தனையோ பேர் அங்கே வந்துபோகிறார்கள். எந்தக் கடையில் படி இல்லை, எந்த ஓட்டோக்காரர் பொறுமைசாலி என்பதெல்லாம் உறவினரைவிட அவர்களுக்குத்தான் தெரியும்.

நல்லூருக்கு 25 நாள் திருவிழாவைத் தவிர்த்த ஒரு காலை நேரம் போங்கள். திருவிழாவில் வீதியெல்லாம் மணல், மேலே சனம். எந்தக் கோயிலானாலும் நாற்காலியை உள்ளே விடுவார்களா என்று முதல் நாளே ஒருவரை அனுப்பிக் கேளுங்கள். ஈரத்துணியால் சில்லைத் துடைத்துவிட்டு வருகிறோம் என்றால் பல இடங்களில் இணங்குவார்கள். மேற்சட்டை கழற்ற வேண்டிய கோயில்களில் முதுகுப் பட்டி போட்டிருக்கும் ஆண்கள் அதையும் முதலே சொல்லிவிடுவது நல்லது.

இலங்கையின் 2006ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் பொதுக் கட்டடங்களில் அணுகல் வசதி வேண்டும் என்கின்றன. ஊரில் சாய்தளம் இன்னும் குறைவு, ஆனால் தூக்கிவிட ஆட்கள் தாராளம். இந்தப் பயணத்தின் சுகமும் கரைச்சலும் அதுதான். கேட்காமலே நாலு பேர் ஓடிவந்து ஆளுக்கொரு பக்கம் பிடிப்பார்கள், அதில் ஒருவர் கட்டாயம் கழரும் கைப்பிடியைத்தான் பிடிப்பார். அதனால் வெட்கப்படாமல் உரத்துச் சொல்லுங்கள்: "பொறுங்கோ, நான் சொல்லுறன்." எந்தக் குழாயைப் பிடிக்க வேண்டும், எப்போது தூக்க வேண்டும் என்று நீங்களே சொல்லி, நீங்களே எண்ணுங்கள். அவர்கள் கோபிக்க மாட்டார்கள். கல்யாண மண்டபத்தில் மேடைக்கு ஏற விருப்பமில்லையென்றால் அதையும் சொல்லலாம், மாப்பிள்ளையும் பொம்பிளையும் கீழே இறங்கிவந்து படம் எடுப்பார்கள்.

நயினாதீவுக்கு மட்டும் யோசித்துப் போங்கள். குறிகட்டுவானில் படகுக்கு இறங்குவது நாலு பேர் தூக்கினாலும் லேசில்லை, படகு ஆடிக்கொண்டே இருக்கும். மடிக்கும் இலகுவான நாற்காலியோடு, கூட்டமில்லாத கிழமை நாளில், கடல் அமைதியாக இருந்தால் முயலலாம். காற்றுக் காலத்தில் வேண்டாம். மின்சார நாற்காலியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.