அரிப்புக்கு ட்யூப் மருந்து போடுறப்ப தவிர்க்க வேண்டிய தப்புகள்

சம்பா நடவு முடிஞ்சு ஐப்பசி கார்த்திகை மழை பிடிச்சுக்கிச்சுன்னா நம்ம டெல்டா பக்கம் மெடிக்கலுக்கு வர்றவங்கள்ல நெறைய பேர் எங்கயாவது ஒரு எடத்துல சொறிஞ்சுகிட்டேதான் வருவாங்க. நாள் முழுக்க சேத்துல நிக்கிற காலு, ரெண்டு நாளானாலும் காயாத உள்ளாடை, ஈரத்துண்டையே இடுப்புல கட்டிகிட்டு திரியிறதுன்னு காரணம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். வயல் பக்கமே போகாதவங்களுக்கும் இந்த புழுக்கத்துல தொடை இடுக்கு, அக்குள், மார்புக்கு கீழன்னு வேர்வையில ஊறிப்போயிடும். நான் மன்னார்குடி பக்கம் ஒரு மெடிக்கல்ல பார்மசிஸ்ட்டா இருக்கேன், "தம்பி, அரிப்புக்கு ஒரு ட்யூப்பு குடு, பக்கத்து வீட்டக்கா போட்டாங்களே அது" ன்னு கேக்குறவங்ககிட்ட கவுண்டர்ல நின்னு முழுசா சொல்ல முடியறதில்ல, பின்னாடி நாலு பேர் நிப்பாங்க, அதனால எல்லாத்தையும் இங்க நிதானமா எழுதிடறேன்.

இப்பிடி கேட்டு வாங்குற ட்யூப்புல நெறைய ஸ்டீராய்டு கலந்ததுதான், ஆனா முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், ஸ்டீராய்டு க்ரீம் விஷம் கெடையாது. 1952-ல சல்ஸ்பர்கர், விட்டன்னு ரெண்டு டாக்டருங்க ஹைட்ரோகார்டிசோன்ங்குற ஸ்டீராய்ட தோல் மேல தடவுனா கரப்பான், அதாவது எக்ஸிமா, அடங்குதுன்னு எழுதுனாங்க, அதுலேந்து இன்னைக்கு வரைக்கும் கரப்பான், அலர்ஜி தடிப்பு, சொரியாசிஸ் மாதிரி விஷயத்துக்கு டாக்டருங்க முதல்ல எடுக்குற மருந்து ஸ்டீராய்டுதான். தோல்ல நம்ம எதிர்ப்பு சக்தி தேவையில்லாம பண்ற ஆர்ப்பாட்டத்த அது அடக்குது, ரத்தக் குழாய சுருக்குது, அதனால செவப்பும் வீக்கமும் அரிப்பும் கொறையுது. ஆனா எதிர்ப்பு சக்திய அடக்குற அதே வேலைதான் கிருமி இருக்குற எடத்துல போட்டா நமக்கு எதிரா திரும்பிடுது.

நம்ம ஊர்ல நடக்குற தப்புலயே பெரிய தப்பு இதுதான், படர்தாமரைக்கு ஸ்டீராய்டு போடுறது. வட்டமா வரும், ஓரம் தடிச்சு செவந்து பொடிப்பொடியா இருக்கும், நடுவுல கொஞ்சம் தெளிஞ்ச மாதிரி தெரியும், பெரும்பாலும் தொடை இடுக்கு, இடுப்புல பாவாடை நாடா கட்டுற எடம், புட்டம். இது பூஞ்சை. இதுல ஸ்டீராய்டு போட்டீங்கன்னா ரெண்டு மூணு நாள்ல அரிப்பு நின்னுடும், செவப்பு போயிடும், ஆஹா கேட்டுடுச்சுன்னு நிறுத்துவீங்க, பத்து நாள்ல திரும்ப வரும், இந்த தடவ வட்டம் பெருசா இருக்கும், பக்கத்துல புதுசா ரெண்டு வந்திருக்கும். ஏன்னா பூஞ்சை சாகவே இல்ல, அத எதிர்த்து நின்ன நம்ம ஒடம்பத்தான் நாம அடக்கி வச்சோம். இப்பிடி மாசக்கணக்குல போட்டுப்போட்டு கடைசியில வட்டமே தெரியாம, பூஞ்சை மாதிரியே இல்லாம ஒரு உருவத்துக்கு வந்துடும், தோல் டாக்டரே கொழம்புற அளவுக்கு. இதுக்கு மேல இன்னொரு கஷ்டம், நம்ம நாட்டுல இப்ப பரவிக்கிட்டு இருக்குற டிரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியேங்குற பூஞ்சை, 2020-ல தான் அதுக்கு தனியா பேரு வச்சாங்க, அதுல நெறைய ரகத்துக்கு டெர்பினஃபின்ங்குற பூஞ்சை மாத்திரையே சரியா கேக்குறதில்ல. இப்பிடி ஆனதுல கண்டபடி ஸ்டீராய்டு கலந்த க்ரீம் போட்டதுக்கும் பங்கு இருக்குன்னு தோல் டாக்டருங்க ரொம்ப நாளா கத்திகிட்டு இருக்காங்க.

கேக்குறவங்க பாதி பேரு "நான் பூஞ்சை மருந்துதானே வாங்குனேன்" ம்பாங்க. அங்கதான் இந்த கலவை க்ரீம் வருது. ஒரே ட்யூப்புல பூஞ்சை மருந்து, பாக்டீரியா மருந்து, கூடவே ஸ்டீராய்டு. கலந்திருக்க ஸ்டீராய்டு பல நேரம் குளோபெட்டசால், இருக்குறதுலயே ரொம்ப வீரியமான வகை. ட்யூப்ப திருப்பி சின்ன எழுத்த படிங்க, கண்ணு தெரியலன்னா பேரப்பிள்ளைய விட்டு படிக்கச் சொல்லுங்க: குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், பெக்ளோமெத்தசோன், மொமெட்டசோன், ஃப்ளூட்டிகசோன், ஹைட்ரோகார்டிசோன், இதுல எது இருந்தாலும் அது ஸ்டீராய்டு. 'சோன்' னு முடிஞ்சாலே கொஞ்சம் உஷாராயிடுங்க, குளோபெட்டசால் அப்பிடி முடியாது, அத தனியா ஞாபகம் வச்சுக்கணும். ட்யூப்புல செவப்பு கோடும் ஆர்எக்ஸ் குறியும் இருந்தா டாக்டர் சீட்டு இல்லாம விக்கக்கூடாது. 2018-லயே மத்திய சுகாதாரத்துறை இந்த மாதிரி 14 ஸ்டீராய்டு தோல் மருந்துகள ஷெட்யூல் எச் கட்டுப்பாட்டுக்குள்ள கொண்டுவந்துடுச்சு. கடைக்காரர் சீட்டு கேட்டா கோவப்படாதீங்க, கேக்காம குடுக்குறவர்கிட்டதான் யோசிக்கணும்.

நடவுக்கு போறவங்களுக்கு விரல் இடுக்குல வெளுத்து ஊறி வெடிச்சு வர்ற சேத்துப்புண்ணுக்கும் இதே கதைதான், வெறும் ஸ்டீராய்டு அதுக்கு உதவாது. ராத்திரியில அரிப்பு கூடி, விரல் சந்து, மணிக்கட்டு, தொப்புள சுத்தி பொடிப்பொடியா வந்து வீட்ல இன்னொருத்தருக்கும் அரிச்சா அது சொறிசிரங்கா இருக்கலாம், ஒரு பூச்சியால வர்றது, வீட்ல எல்லாரும் ஒரே நேரத்துல பெர்மெத்ரின்ங்குற பூசுற மருந்த போட்டாத்தான் ஒழியும். அரிப்பே இல்லாம வெளுத்த தேமல் இருந்து, தொட்டா உணர்ச்சி கம்மியா தெரிஞ்சா க்ரீமே வேணாம், நேரா ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு போயிடுங்க, தொழுநோயான்னு பாத்துடணும், மருந்து இலவசம், முழுசா குணமாயிடும்.

சரி, டாக்டர் பாத்து கரப்பான்னோ அலர்ஜின்னோ சொல்லி ஸ்டீராய்டு எழுதிட்டாரு. இனிமே நடக்குற தப்பு வேற மாதிரி.

வீரியம். எல்லா ஸ்டீராய்டும் ஒண்ணு கெடையாது, ஹைட்ரோகார்டிசோன் 1% க்கும் குளோபெட்டசால் 0.05% க்கும் பக்கத்துலயே வரமுடியாது, சதவீத எண்ண பாத்து எது லேசுன்னு முடிவு பண்ணிடாதீங்க, இங்க சின்ன எண்ணுதான் பல மடங்கு வீரியம். அதோட ஒரே மருந்து ஒடம்புல எடத்துக்கு எடம் வேற அளவுல உள்ள போகும். 1967-லயே அளந்து பாத்திருக்காங்க, முன்னங்கையில போறத 1 னு வச்சுகிட்டா நெத்தியில 6 மடங்கு, தாடையில 13, விரைப்பை தோல்ல 42 மடங்கு, உள்ளங்கால்ல வெறும் ஏழுல ஒரு பங்குதான். கால் வெடிப்பு கரப்பானுக்கு அப்பாவுக்கு எழுதுன களிம்ப எடுத்து மகன் தொடை இடுக்குல போடுறது எவ்வளவு பெரிய தப்புன்னு இந்த ஒரு கணக்கே சொல்லும். இடுக்குல தோலும் தோலும் ஒட்டி மூடியே இருக்குறதால மருந்து இன்னும் கூட எறங்கும், கொஞ்ச நாள்லயே தோல் மெலிஞ்சு பிரசவ கோடு மாதிரி செவப்பா கோடு விழும், அந்தக் கோடு பின்னாடி வெளுக்கும், ஆனா முழுசா மறையாது. பதினெட்டு இருபது வயசு பசங்க தொடையில இத பாக்கும்போது எனக்கு மனசு ரொம்ப கஷ்டமா இருக்கும், கூச்சப்பட்டு யார்கிட்டயும் காட்டாம அவங்களே வாங்கி போட்டிருப்பாங்க.

எவ்வளவு போடணும்? பெரியவங்க ஆள்காட்டி விரல் நுனியிலேந்து முதல் ரேகை வரைக்கும் ஒரு கோடு பிதுக்குனா சுமார் அரை கிராம், அது விரலோட சேத்து ரெண்டு உள்ளங்கை அகல எடத்துக்கு போதும். ஒரு கைக்கு, அதாவது மணிக்கட்டுக்கு கீழ ரெண்டு பக்கமும், ஒரு கோடு, ஒரு பாதத்துக்கு ரெண்டு, பாதத்த விட்டுட்டு ஒரு முழு காலுக்கு ஆறு. கொழந்தைக்கு போடும்போதும் பெரியவங்க விரலாலதான் அளக்கணும், கோடு கம்மியா வேணும் அவ்ளோதான். ஒரு நாளைக்கு ஒரு வேளையோ ரெண்டு வேளையோதான், அரிக்கும்போதெல்லாம் எடுத்து தடவுறது கூடாது, நாலு வேள போட்டா சீக்கிரம் ஆறும்னு எதுவும் இல்ல.

இதுக்கு நேர் எதிரா பயந்துகிட்டு கம்மியா போடுறவங்களும் உண்டு, அதுவும் தப்புதான். ஸ்டீராய்டுன்னு யாரோ சொன்னாங்கன்னு கடுகளவு எடுத்து தொட்டு வைப்பாங்க, ரெண்டு நாள் போட்டு நிறுத்துவாங்க, கரப்பான் பாதி அடங்குனதோட திரும்ப கெளம்பும், கொழந்த ராத்திரியெல்லாம் சொறிஞ்சு ரத்தம் வந்து சீழ் பிடிக்கும். டாக்டர் ஏழு நாள்னா ஏழு நாள் ஒழுங்கா போடுங்க, தடவிப் பாத்தா தோல் வழுவழுன்னு ஆயிருக்கணும். அதுக்காக தாண்டியும் போகக்கூடாது, குளோபெட்டசால்லாம் தொடர்ந்து 2 வாரத்துக்கு மேல, வாரத்துக்கு 50 கிராமுக்கு மேல போகக்கூடாதுன்னு கணக்கு இருக்கு. பழைய சீட்ட காட்டி ஆறு மாசம் வாங்கிட்டே இருக்குறது வைத்தியம் ஆகாது.

முகம். இதுக்கு தனியா கெஞ்சிக் கேக்குறேன். மங்குக்கும் பருவுக்கும் "கலர் வர்ற க்ரீம்" னு தோழி சொல்லி வாங்குற ட்யூப்புல மொமெட்டசோனோ பீட்டாமெத்தசோனோ இருக்கும். முதல் சில வாரம் முகம் பளிச்சுன்னு ஆகும், கல்யாணத்துக்கு முன்னாடி போடுற பொண்ணுங்க எல்லாரும் அதுல மயங்கிடுவாங்க. அப்புறம் பரு கூடும், தோல் மெலிஞ்சு செவப்பா நரம்பு தெரியும், தாடையில முடி வளரும், வெயில்ல நின்னா எரியும். நிறுத்துனா ரெண்டு நாள்ல முகம் செவந்து வீங்கி எரியும், அதுக்கு பயந்து திரும்ப போடுவாங்க, அப்பிடியே வருஷம் ஓடிடும். இந்த நெலைமையில இருக்குறவங்க தானா திடீர்னு நிறுத்தி தவிக்க வேணாம், டாக்டர்கிட்ட போனா வீரியத்த படிப்படியா கொறைச்சு வேற மருந்து மாத்தி வெளிய கொண்டுவருவாங்க, மாசக்கணக்கு ஆகும், ஆனா முடியும். கண்ண சுத்தி ரொம்ப நாள் போட்டா கண்ணழுத்தம், கண்புரை வரைக்கும் போகலாம்.

கைக்கொழந்தைக்கு டயப்பர் போடுற எடத்துல செவந்துச்சுன்னா வீட்ல கெடக்குற ட்யூப்ப தயவுசெஞ்சு எடுக்காதீங்க. டயப்பர் மூடி வைக்குறதால மருந்து பல மடங்கு உள்ள போகும், கொழந்த ஒடம்பும் சின்னது, ரத்தத்துல கலந்து வளர்ச்சியவே பாதிக்கலாம்.

போட்ட எடத்துல பிளாஸ்டிக் கவரோ இறுக்கமான கட்டோ டாக்டர் சொல்லாம போடாதீங்க. களிம்பு காஞ்சு தடிச்ச தோலுக்கு, க்ரீம் நீர் வடியிற எடத்துக்கு, லோஷன் தலைக்கு, கடையில எது இருக்கோ அத குடுன்னு மாத்திக்காதீங்க. தேங்கா எண்ணெயோ மாய்ஸ்சரைசரோ தாராளமா போடலாம், போடவும் வேணும், ஆனா ஸ்டீராய்டோட கொழச்சு பூசாம நடுவுல ஒரு 20, 30 நிமிஷம் விடுங்க. அப்புறம் காரணத்த தேடுங்க, கவரிங் சங்கிலி படுற கழுத்து, ஸ்டிக்கர் பொட்டு வைக்கிற நெத்தி, வெறுங்கையால உரம் அள்ளிப் போடுற கை, முடிச்சாயம் படுற காதோரம். அது தொடர்ந்து பட்டுட்டே இருந்தா எந்த ட்யூப்பும் நிரந்தரமா கேக்காது.

தோல் டாக்டர பாக்க தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம்னு மூணு எடத்துலயும் அரசு மெடிக்கல் காலேஜ் இருக்கு, புறநோயாளிக்கு காசு கெடையாது. போறப்ப வீட்ல இதுவரைக்கும் போட்ட ட்யூப் எல்லாத்தையும், காலியானதக்கூட, ஒரு பையில போட்டு எடுத்துட்டு போங்க, திட்டுவாங்களோன்னு மறைக்காதீங்க. பூஞ்சையான்னு தெரிய தோல லேசா சுரண்டி மைக்ராஸ்கோப்ல பாப்பாங்க, அதுக்கு முன்னாடி என்ன போட்டீங்கன்னு அவங்களுக்கு தெரிஞ்சாத்தான் ரிசல்ட்ட சரியா படிக்க முடியும். பூஞ்சைன்னு வந்துட்டா மருந்து வாரக்கணக்குல, அரிப்பு நின்ன பிறகும், அவங்க சொன்ன நாள் வரைக்கும் போகும், துண்டும் உள்ளாடையும் தனித்தனியா வச்சு வெந்நீர்ல அலசி வெயில்ல காயப்போடணும், மழ நாள்ல வெயில் இல்லன்னா உள்பக்கம் திருப்பி நல்லா சூடா இஸ்திரி போட்டு உடுத்துங்க.