கேம் ஆட விபிஎன் போடலாமா?

"விபிஎன் போட்டால் பிங் குறையும்" என்ற விளம்பரத்தை நம்பிக் காசு கட்டுவதற்கு முன் ஒரு நிமிடம். விபிஎன் என்பது உங்கள் டேட்டாவை வேறொரு சர்வர் வழியாக அனுப்பும் சேவை; பிங் என்பது டேட்டா கேம் சர்வருக்குப் போய்த் திரும்ப ஆகும் நேரம். பெரும்பாலும் பிங் கூடத்தான் செய்யும். டேட்டா கேம் சர்வருக்கு நேராகப் போகாமல் விபிஎன் சர்வரில் ஏறி இறங்கிப் போகிறதே!

குறைவதும் உண்டு. உங்கள் இணைய நிறுவனமே டேட்டாவைச் சுற்று வழியில் அனுப்பினால், விபிஎன் குறுக்கு வழி காட்டலாம். சோதிப்பது எளிது: ஒரே கேம் சர்வரில், அடுத்தடுத்து, விபிஎன் இல்லாமல் பத்து நிமிடம், போட்டுப் பத்து நிமிடம் ஆடி, திரையில் தெரியும் பிங்கைக் குறித்துக்கொள்ளுங்கள். 40 மில்லிசெகண்டாக இருந்தது 70 ஆனால் தூக்கிப் போடுங்கள். கேம் சர்வருக்குப் பக்கத்தில் இருக்கும் விபிஎன் சர்வர், வயர்கார்டு என்ற வேகமான விபிஎன் இணைப்பு முறை, இரண்டையும் முயன்றபின் அந்த முடிவை எடுங்கள். (வைஃபையை விட்டு லேன் கேபிளுக்கு மாறினீர்களா? முதலில் அதைச் செய்யுங்கள்.)

உண்மையான பயன் வேறு. ஆடுபவர்கள் நேரடியாக இணையும் பியர்-டு-பியர் கேம்களில் உங்கள் ஐபி முகவரியை (உங்கள் இணைய இணைப்பின் அடையாள எண்) எதிராளி கண்டுபிடிக்க முடியும். தோற்ற கோபத்தில் அந்த முகவரிக்கு டேட்டாவைக் கொட்டி இணைப்பையே முடக்கும் டிடாஸ் தாக்குதல் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் முகவரிக்குப் பதில் விபிஎன் சர்வரின் முகவரியே தெரியும் என்பதால், அங்கே விபிஎன் நல்ல கவசம்.

அப்புறம், வேறு நாட்டில் இருப்பதாகக் காட்டி மலிவாக கேம் வாங்குவது ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையின் விதிகளுக்கு எதிரானது. கணக்கே முடங்கலாம்.